ஆறு கிலோமீட்டர்

ஞாயிறு மாலை பந்தயம் முடிந்ததும்
என் வேலை தொடங்கும்.
கூட்டம் இறைச்சிப் புகை வாசனையோடு கலைந்து
அடெனாவ் சாலையில் விளக்கு விளக்காக இறங்கும்.
நீலப் பீப்பாய்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி
நான் கொட்டகை கொட்டகையாகப் போவேன்,
கழிவு எண்ணெய் எடுக்க.

கழிவு என்று பீப்பாயில்தான் எழுதியிருக்கிறது.
நான்கு மணிநேரம் ஓடிய எண்ணெய்
இன்னும் தேன் நிறத்தில் இருந்தது.
லிட்டர் இருபத்தெட்டு யூரோ.
அரிசி கழுவிய தண்ணீர்போல வடித்துவிடுகிறார்கள்.
பொரித்த எண்ணெயை மூன்றாம் தடவைக்கு
எடுத்து வைக்கும் சுபோதினி
இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன அக்டோபரில் ஒரு டச்சுக் குழு
எஞ்சின் வெடித்து, பாதியிலேயே மூட்டை கட்டியது.
மூலையில் முத்திரை உடையாத ஐந்து லிட்டர் டின்.
தங்க எழுத்து. ஒரு சிறகு. சிறகின் நுனியில் தீப்பொறி.
"எடுத்துக்கொள்" என்றான் ஒருவன்,
கையுறையைக் கழற்றாமல்,
என் முகத்தைப் பார்க்காமல்.

என்னுடையது ஓப்பல் கோர்சா.
வயது பதினேழு.
பின்கதவை உள்ளேயிருந்துதான் திறக்கலாம்.
வீட்டிலிருந்து வேலைக்கு ஆறு கிலோமீட்டர்.
நடுவில் ரொட்டிக்கடை, பள்ளிக்கூடம்,
முப்பதுக்குள் வந்தால் பச்சையாய்ச் சிரித்து
முப்பத்தொன்றுக்குச் சிவந்து சுளிக்கும்
ஒரு வேகப் பலகை.

ஊற்றினேன்.
ஊற்றியவன் மனந்தான் முதலில் வேகமெடுத்தது.
சத்தம் எவ்வளவு மெதுவாகிவிட்டது பார் என்றேன்.
சுபோதினி காது கொடுத்துக் கேட்டாள்.
"ரேடியோவ நிப்பாட்டியிருக்கிறியள்,
அதுதான்" என்றாள்.

ஜனவரியில்
எதிர்வீட்டுக் கூரை தெரியாத மூடுபனி.
பந்தயமில்லாத மாதங்களில் மண்டபம் கழுவும் வேலை.
அதற்கும் அதே ஆறு கிலோமீட்டர்.
ஒரு காலை எண்ணெய் மூடியைத் திறந்தால்
அடியில் வெளிறிய களிம்பு,
கடைந்துவிட்டு மறந்த மோரின்மேல் திரண்டதுபோல.

பட்டறையில் ஆல்முட் விரலால் வழித்துப் பார்த்தாள்.
"இது எண்ணெயின் குற்றமில்லை.
ஆறு கிலோமீட்டரில் உன் எஞ்சின் சூடாவதற்குள்
நீ நிறுத்திவிடுகிறாய்.
உள்ளே கோத்த ஈரம் காய்வதில்லை."
பிறகு டின்னைத் திருப்பி
பொடி எழுத்தை வாசித்தாள்.
"இது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகச் செய்தது.
அழுக்கைச் சுமக்கும் மருந்து இதில் குறைவு.
அழுக்குச் சேருமுன் வடித்துவிடுவார்களே, எதற்கு?
உனக்கு வேண்டியது
ஒரு வருடம் அழுக்கைச் சுமந்துகொண்டு
குளிரில் கிடக்கும் எண்ணெய்.
கையேட்டில் ஓர் எண் இருக்கும்.
அதைப் பார்த்து வாங்கு. இருபத்தாறு யூரோ, டின் முழுதும்."

அழுக்கைச் சுமப்பதையும் ஒரு திறமையென்று
ஒருவர் சொல்லிக் கேட்டது
எனக்கு அதுதான் முதல்முறை.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள்.
கழுதையின் பக்கம் நின்று
யாரும் யோசித்ததில்லை.
தெரியாமலென்ன,
அதற்கு வேண்டியது புல்.

அன்றைக்கே மாற்றினோம்.
வடித்ததை நானே கொண்டுபோய்
நீலப் பீப்பாயில் ஊற்றினேன்.
கறுத்திருந்தது.
பந்தயக் காரின் தேனும் என் காரின் கரியும்
ஒரு சுழற்சி தனித்தனியாய்த் தெரிந்தன,
பிறகு தெரியவில்லை.
செவ்வாய்க்கிழமை லாரி வந்து
எடை மட்டும் பார்த்து ஏற்றிக்கொண்டது.

டின்னை எறிய மனம் வரவில்லை.
மேல்பக்கத்தை வெட்டி
வாசற்படிப் பனிக்குத் தூவும் உப்பைப்
போட்டு வைத்திருக்கிறேன்.
உப்புக்காவது பெறட்டும்.

இன்று காலை நாலே முக்கால்.
கோர்சா இருமித்தான் எழுந்தது.
ரொட்டிக்கடையில் விளக்கு.
பள்ளிக்கூடத்தில் ஒருவருமில்லை,
ஆனாலும் மெதுவாகவே போனேன்.
இருபத்தெட்டு.
பலகை சிரித்தது.